சாம்பல் நிறப் பசை

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கெலாங் பாத்தா கடைத்தெருவில் இருந்த கிபாயத்துல்லாவின் ஹார்டுவேர் கடையில் எல்லாம் கிடைக்கும். கிடைக்காதது ஒரே ஒரு சொல்தான். 'இல்லை' என்ற சொல். பனைக்குளத்திலிருந்து கப்பலேறி வந்து கடை போட்ட அவருடைய வாப்பா, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே கூடாது என்று வைத்திருந்தார். சரக்கு இருந்தால் "இருக்கு". தீர்ந்துபோயிருந்தால் "வந்துக்கிட்டு இருக்கு". அப்படி ஒரு சரக்கை உலகத்தில் யாருமே செய்வதில்லை என்றால், "நாளைக்கு வாங்களேன்".

மகன் இந்த வித்தையில் வாப்பாவைத் தாண்டிப் போனார். மூன்று அங்குல ஆணி கேட்டு வந்தவரிடம் மூன்றரை அங்குலத்தைக் கட்டிக் கொடுத்து, "அரை இஞ்சு நம்ம அன்பளிப்பு" என்பார். நீலப் பெயின்ட் கேட்டால் வெள்ளைப் பெயின்ட்டும் ஒரு பொட்டலம் நீலப் பொடியும் வரும். கலக்குகிற குச்சி இனாம். ஒருமுறை ஒரு பெண் வாசலில் நின்று, "எங்க வீட்டுக்காரர் இங்க இருக்காரா?" என்று கேட்டாள். பழக்க தோஷத்தில், "இருந்தாரும்மா, இப்பத்தான் கிளம்புனாரு" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதரோ தூரத்தில் இருக்கும் கோத்தா திங்கிக்கு வேலைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியவர். அவர் வீட்டில் என்ன நடந்ததோ, ஒரு மாதம் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை.

இப்படிப்பட்ட கடைக்குப் பதினோரு வருடமாக வந்துகொண்டிருந்தவள் கிருஷ்ணம்மா. செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கேபின் வைத்த ஒரு படகுக்குச் சொந்தக்காரி. பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரிலிருந்து தூண்டிலும் ஐஸ் பெட்டியுமாக வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு சாயங்காலம் கடலுக்குப் போவாள். இரவெல்லாம் மீன் பிடித்துவிட்டு மறுநாள் காலையில் திரும்புவார்கள். அவள் கடைக்கு வந்தால் எதிர்வரிசைக் கடைக்காரர்கள் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள். அவள் பேரம் அப்படி.

"இந்தக் கயித்துல கட்டுனா என் படகு நிக்காது பாய், சிரிக்கும்" என்பாள்.

"சிரிச்ச முகமா இருந்தாத்தாம்மா ஆள் ஏறும்" என்பார் அவர்.

கேட்ட விலையை அப்படியே கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் கிபாயத்துல்லாவின் கணக்கில் மூன்று வகை: அந்நியர், அவசரக்காரர், கோபித்துக்கொண்டவர். மூவரும் திரும்பி வரமாட்டார்கள். கிருஷ்ணம்மா பேரம் பேசுகிறவரைக்கும் உலகம் ஒழுங்காக நடக்கிறது என்று அவருக்கு ஒரு நிம்மதி. அவருக்குத் தங்கை இல்லை. இருந்திருந்தால் இப்படித்தான் வாயாடியிருப்பாள் என்று மனைவி மஹ்மூதாவிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம், ஜும்ஆ தொழுகைக்காக அவர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தபோது அதன் அடியில் குனிந்து நுழைந்தாள் கிருஷ்ணம்மா.

"பாய், பூட்டாதீங்க லா! ரெண்டே நிமிஷம்."

"பாங்கு சொல்லப் போறாங்கம்மா."

"போன மாசம் உங்ககிட்ட வாங்குன எக்ஸாஸ்ட் எல்போவை இன்னிக்கு மாட்டுறேன். இன்ஜின் புகை வெளியே போற அந்த வளைஞ்ச குழாய், பழசு துருப்பிடிச்சு உளுத்துப் போச்சு. மரையில தடவ அந்தப் பசை வேணும். ஜீவன் எப்பவும் போடுவானே, டப்பாவுல, சாம்பல் கலர்ல."

ஜீவன் அவளுடைய படகு இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக். மூன்று மாதத்துக்கு முன் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அதிலிருந்து ஸ்பானரைக் கிருஷ்ணம்மாவே கையில் எடுத்திருந்தாள். ஜீவன் அந்தப் பசையை எங்கே வாங்கினான் என்பது கிபாயத்துல்லாவுக்குத் தெரியாது. அவர் கடையில் வாங்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஆனால் அவருடைய கை அதற்குள் சுவரில் தொங்கிய வெள்ளை டேப்பை எட்டிவிட்டது.

"பசை எதுக்கும்மா, கையெல்லாம் அழுக்கு. இந்தா, வெள்ளை டேப். தண்ணி பைப்பு, கேஸ் பைப்பு, எல்லாத்துக்கும் இதான். மரையில எட்டு சுத்து சுத்துங்க, ஜென்மத்துக்கும் ஒழுகாது."

"சூடு தாங்குமா பாய்?"

"சூடா? அப்ப பத்து சுத்து சுத்துங்க."

பாதி இறங்கிய ஷட்டரின் கீழும் அவள் பேரத்தை விடவில்லை. இரண்டு சுருளை ஒன்றரைச் சுருள் விலைக்கு வாங்கிக்கொண்டு, "நாலு மணிக்கு ஆள் வருது, வரேன்!" என்று மோட்டார்சைக்கிளை உதைத்தாள். கிபாயத்துல்லா மனநிறைவோடு பள்ளிவாசலுக்கு நடந்தார். இன்னொரு நாள், இன்னொரு 'இல்லை'யைச் சொல்லாமல் கழித்தாகிவிட்டது.

தொழுதுவிட்டு வந்து அவர் சாப்பிட உட்கார்ந்தபோது மஹ்மூதா மேலே வீட்டிலிருந்து சோற்றுப் பாத்திரத்தோடு இறங்கி வந்தாள். அந்தக் கடையில் பேசுகிற வேலை அவருக்கு, படிக்கிற வேலை அவளுக்கு. டப்பாவின் முதுகில் எறும்பு அளவில் அச்சடித்ததையெல்லாம் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பிடித்துப் படித்து வைத்திருப்பாள். எந்தத் தட்டில் எது எத்தனை இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம்.

"டேப்புல ரெண்டு குறையுதே, யாரு வீட்ல பைப் ஒழுகுது?"

"வீட்ல இல்ல, படகுல. நம்ம கிருஷ்ணம்மா. எக்ஸாஸ்ட் எல்போவுக்கு."

மஹ்மூதாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. மீன் குழம்பு அவர் தட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே சொட்டியது.

"எக்ஸாஸ்ட்டுக்கா டேப் குடுத்தீங்க?"

"பத்து சுத்து சுத்தச் சொன்னேன்."

"நூறு சுத்து சுத்துனாலும் அது இருநூத்தி அறுபது டிகிரிக்கு மேல தாங்காதுங்க. இன்ஜின்லேர்ந்து வர்ற புகை நானூறு, ஐநூறு. டேப்பு தீஞ்சு போகும், தீயுறப்ப வர்ற நெடியே விஷம். அப்புறம் மரை வழியா இன்ஜின் புகை கேபினுக்குள்ள வரும். அதுல இருக்கிற நச்சுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை வலிக்கும். தூக்கம் வரும். கதவைச் சாத்திட்டுப் படுப்பாங்க..."

கிபாயத்துல்லாவின் வாயில் இருந்த கவளம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"அந்த எல்போவுல கடல் தண்ணி பாயுதே மஹ்மூதா, குளுந்துடாதா?"

"தண்ணி வந்து சேர்றது எல்போவோட அந்தப் பக்கம். அந்த ஹோஸ் மூட்டுக்கு உங்க டேப் போதும். இன்ஜின் பக்கத்து மூட்டுல ஒரு சொட்டுத் தண்ணி வராது, வெறும் அனல்."

"அப்ப பாதி சரியாத்தானே குடுத்திருக்கேன்?"

"பாதி முழுகுன படகுன்னு எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

அவர் எச்சில் கையோடு எழுந்து தட்டுகளைத் துழாவினார். முதலில் அகப்பட்டது சிவப்பு சிலிக்கான் டியூப்.

"இந்தா, சூட்டுக்குன்னே போட்டிருக்கான், பாரு!"

"முந்நூறுன்னு போட்டிருக்கான். முழு வேகத்துல ஓட்டுனா அதுவும் பொரிஞ்சு போகும்."

அடுத்து மேல்தட்டின் மூலையிலிருந்து ஒரு பழைய டப்பாவை வெற்றிச் சிரிப்போடு இறக்கினார். "செப்புப் பசை! ஆயிரம் டிகிரி!"

"சூடு தாங்கும். ஆனா அவ எல்போ ஸ்டெயின்லெஸ். உப்புத் தண்ணிக்குப் பக்கத்துல செம்பையும் அதையும் ஒண்ணா வெச்சா நாளாவட்டத்துல மரையை அரிச்சிடும். சரி, ஒரு நாளைக்குத்தானே, தொறங்க."

திறந்தார். வாப்பா காலத்துச் சரக்கு. உள்ளே பசை இல்லை. பெருநாள் முடிந்து மறந்துபோன டோடோல் மிட்டாய் மாதிரி ஒரு கட்டி இருந்தது. விரலால் தட்டிப் பார்த்தார். 'டொக்' என்றது.

"நிக்கல் பசைங்க" என்றாள் மஹ்மூதா. "அதான் சாம்பல் நிறத்துல இருக்கும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் ஆகும், சூட்டுக்கும் ஆகும், அடுத்த தடவை கழட்டுறப்ப மரையும் சிக்காது. அந்தப் பொண்ணு சரியாத்தான் கேட்டிருக்கா."

"நம்மகிட்ட அது..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றார். தட்டுகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், "வந்துக்கிட்டு இருக்குல்ல?" என்றார் பரிதாபமாக.

மஹ்மூதா கிருஷ்ணம்மாவின் எண்ணுக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்ஜின் ஓடுகிற படகில் கைபேசி சத்தம் யாருக்குக் கேட்கும்? கடிகாரத்தில் மூன்றே கால். கிபாயத்துல்லா கையைக் கழுவக்கூட இல்லை; ஷட்டரை இழுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே போகிற சாலையில் அவர் ஓட்ட, மஹ்மூதா பாசிர் கூடாங்கில் இருக்கும் கப்பல் சாமான் கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டுக்கொண்டே வந்தாள். ஒருவன் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டுவிட்டுப் போனான். அந்த இடைவெளியில் கிபாயத்துல்லா ஒத்திகை பார்த்தார்.

"போன உடனே, 'புது சரக்கு வந்திருக்கும்மா, மாத்திக்குங்க'ன்னு சொல்லிடுறேன்."

"எங்க வந்திருக்கு?"

"வந்துக்கிட்டு இருக்கு."

"நான் இன்னும் ஆர்டரே குடுக்கல."

"அப்ப எப்படித்தான் சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க. மூணே எழுத்துதான், நாக்கு தாங்கும்."

படகுத்துறை ஜெட்டியில் கிருஷ்ணம்மாவின் படகு இன்ஜின் ஓடியபடி நின்றது. நான்கு பேர் ஐஸ் பெட்டிகளை ஏற்றி முடித்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் கமலநாதன் என்ற சிங்கப்பூர்க்காரர், மூன்றாம் தடவையாக வருகிறவர். மஹ்மூதாவின் போனில் பாட்டு நின்று ஆள் வந்துவிட்டதால் அவள் வண்டியிலேயே உட்கார்ந்து பேசினாள். கிபாயத்துல்லா கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகைகள் மேல் ஓடினார்.

"என்னா பாய், கடையைத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?" முன்பக்கக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள் கிருஷ்ணம்மா.

"நல்ல சேதிம்மா! ஒண்ணாம் நம்பர் பசை ஒண்ணு வருது. அந்த டேப்பைக் கழட்டிட்டு இதைப் போட்டுக்குங்க."

"எப்ப வருது?"

"நாளைக்கு."

"நாளைக்கு வர்ற பசைக்கு இன்னிக்கு ஏன் கழட்டணும்? திரும்பி வந்து பாக்கறேன், போங்க."

"அது அப்படியில்லம்மா. இது அதைவிட ஒசத்தி."

"மத்தியானம் டேப்பைத் தலையில தூக்கி வெச்சு ஆடுனீங்க. சாயந்திரம் அதைவிட ஒசத்தி ஒண்ணு. ரெண்டுக்கும் நாந்தான் கிடைச்சேனா?" கமலநாதன் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களாண்ணே? ஒரு டப்பா பசை விக்க இந்த மனுசன் ஜெட்டி வரைக்கும் துரத்திட்டு வந்திருக்காரு."

"சிங்கப்பூர்ல இந்த சர்வீஸ் கிடையாது" என்றார் கமலநாதன் பாராட்டோடு.

"காசே வேணாம்மா, இனாமாத் தர்றேன்!"

"அலமாக்! பாய் இனாம்னு சொன்னா அதுக்குப் பின்னாலயே பெரிய பில்லு ஒண்ணு வரும். எனக்குத் தெரியாதா?"

பதினோரு வருடத்தில் அவர் கிருஷ்ணம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: கிபாயத்துல்லா சொல்வதில் பாதியைத் தள்ளு. நல்ல மாணவி. அவர் உயர்த்தினால் அவள் தாழ்த்தினாள், அவர் கெஞ்சினால் அவள் சிரித்தாள். முன்கயிறு அவிழ்ந்தது. இனி பின்கயிறு ஒன்றுதான். கேபின் கதவு வழியாக, பிளாஸ்டிக் கரண்டியை அடுப்பில் வைத்த மாதிரி ஒரு நெடி மெலிதாக வந்தது. கமலநாதனின் கூட்டாளி ஒருவர் மழை வரும்போல இருக்கிறதே என்று வானத்தைப் பார்த்துவிட்டுப் படுக்கைப் பாயைத் தூக்கிக்கொண்டு கேபினுக்குள் போனார்.

கிபாயத்துல்லா கடைசிப் பலகையில் நின்றார்.

"கிருஷ்ணம்மா. இல்லை."

பின்கயிற்றில் இருந்த அவள் கை நின்றது.

"என்னது?"

"இல்லை. நீங்க கேட்ட பசை என்கிட்ட இல்லை. மத்தியானமே இல்லை. எனக்கு அதைப் பத்தித் தெரியவும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொல்லி டேப்பைக் குடுத்துட்டேன். அது சூடு தாங்காதும்மா, விஷப் புகை உள்ள வரும். போகாதீங்க."

கிருஷ்ணம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தீ என்று கத்தியிருந்தால்கூட, எவ்வளவு பெரிய தீ என்று ஒரு கேள்வி கேட்டிருப்பாள். இதற்குக் கேள்வி எதுவும் வரவில்லை. நேராக உள்ளே போய்ச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு அடங்கியது. படகின் வயிற்றில் தண்ணீர் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எல்லாரும் எறங்குங்க" என்றாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் கமலநாதன்.

"பாய் இல்லைன்னு சொல்லிட்டாருண்ணே. எறங்குங்க."

இன்ஜின் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது எல்போவின் இன்ஜின் பக்கத்து மூட்டில் டேப்பின் ஓரம் பழுப்பேறிச் சுருண்டிருந்தது. அதைச் சுற்றி, கண்ணுக்கு மை இட்டதுபோல் மெல்லிய கரிக்கோடு ஒன்று அதற்குள் விழுந்திருந்தது. ஜெட்டியில் நின்று சூடேற்றிய அரைமணி நேரத்திலேயே இவ்வளவு. கிருஷ்ணம்மா அந்தக் கோட்டை விரலால் தொடாமல் காட்டினாள். படுக்கைப் பாயைச் சுருட்டிக்கொண்டு கேபினிலிருந்து வந்தவர் அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

மஹ்மூதா போனை மூடிக்கொண்டு வந்து சேர்ந்தாள். "பாசிர் கூடாங்ல இருக்காம். காலையில எட்டு மணிக்கு ஆள்கிட்ட குடுத்தனுப்புறான்." பிறகு கணவனின் முகத்தைப் பார்த்தாள். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"பல்லு ஒண்ணும் விழலையே?"

பயணம் மறுநாளைக்கு மாறியது. சிங்கப்பூர்க்காரர்கள் முணுமுணுத்துவிட்டு ஜெட்டி முனையிலேயே தூண்டிலைப் போட்டார்கள். மஹ்மூதா சொன்ன ஓட்டலில் தங்க இடமும் கிடைத்தது. கிருஷ்ணம்மா மட்டும் அதற்குப் பிறகு கிபாயத்துல்லாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவில்லை, கேலி செய்யவில்லை. "சரி பாய்" என்று ஒருமுறை சொன்னாள், அவ்வளவுதான்.

திரும்புகிற வழியில் அவர் பாதித் தூரம் பேசாமல் ஓட்டினார். அவருக்கு அது ஒரு சாதனை.

"ஒரு வார்த்தை திட்டலையே, மஹ்மூதா."

"திட்டாததுக்கா மூஞ்சி இப்படிப் போச்சு?"

"நாளைக்குப் பசையைக் குடுத்து விலை சொல்வேன். பேசாம எடுத்துக் குடுத்துட்டான்னா?"

"விலை சொல்லாதீங்க. இனாமாக் குடுங்க. தப்பு நம்மளது."

"இனாமாக் குடுத்தா கதை அதோட முடிஞ்சுது. விலை சொல்லணும். சொன்னாத்தான் அவ கோபமா இல்லையான்னு தெரியும்."

மஹ்மூதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வருடம் கூடவே இருந்தும் இந்த மனிதனின் மூளை எந்தத் தட்டில் இருக்கிறது என்று மட்டும் அவளுக்கு மனப்பாடமாகவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிக்கல் பசை டப்பாவோடு இருவரும் ஜெட்டியில் இருந்தார்கள். கிபாயத்துல்லா யாரும் சொல்லாமலேயே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வயர் பிரஷ்ஷை எடுத்தார். மரையின் பள்ளம் ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கொண்டிருந்த கருகிய டேப்பைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். தான் விற்ற சரக்கைத் தானே சுரண்டி எடுப்பது அந்தப் பரம்பரையில் அதுவே முதல் தடவை. மஹ்மூதா டப்பாவின் முதுகைப் படித்தாள்.

"முனையில ஒரு சுத்தை விட்டுடணும், உள்ள ஒழுகிப் போகாம. மிச்ச மரை பூரா சன்னமாத் தடவணும். அப்பிடக் கூடாது."

அயிலை மீனின் தோல் மாதிரி மின்னியது பசை. கிருஷ்ணம்மா தடவினாள், எல்போவைக் கையால் திருகிவிட்டு ஸ்பானரால் இறுக்கினாள். தண்ணீர் பக்கத்து ஹோஸ் மூட்டுக்கு மஹ்மூதாவே வெள்ளை டேப்பை எடுத்துக் கொடுத்தாள். கிபாயத்துல்லா அதைக் கண்டும் காணாதவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்ஜினைப் போட்டார்கள். அரைமணி நேரம் வேகத்தை ஏற்றி இறக்கி ஓடவிட்டு, கிருஷ்ணம்மா ஒரு டிஷ்யூ பேப்பரைக் குறட்டில் பிடித்து மூட்டைச் சுற்றிக் கொண்டுபோனாள். காகிதம் ஆடவில்லை. கரிக்கோடும் இல்லை. கமலநாதனின் ஆட்கள் பெட்டிகளை ஏற்றத் தொடங்கினார்கள்.

கிருஷ்ணம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எவ்ளோ பாய்?"

கிபாயத்துல்லா விலையைச் சொன்னார். வழக்கம்போல, அவள் இறக்குவதற்குக் கொஞ்சம் இடம் விட்டுச் சொன்னார். அவள் இடுப்புப் பையின் ஜிப்பைத் திறந்தாள். நோட்டுகளை வெளியே எடுத்தாள். நோட்டுகள் அவர் பக்கமாக நீண்டன. மஹ்மூதா சொன்னபடி இனாமாகவே கொடுத்துத் தொலைத்திருக்கலாம் என்று நினைத்தார்.

நீண்ட கை பாதியில் நின்றது.

"இந்தக் குட்டி டப்பாவுக்கா?" என்றாள் கிருஷ்ணம்மா. "உள்ள இருக்கிறது நிக்கலா, வெள்ளியா?"

கிபாயத்துல்லாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அம்மா, ஆயிரத்து முந்நூறு டிகிரி தாங்கும்!"

"என் இன்ஜின் என்னா எரிமலையா? எனக்கு ஐநூறு டிகிரி போதும். ஐநூறுக்கு உள்ள விலையை மட்டும் சொல்லுங்க."

"மிச்ச எண்ணூறை நான் எங்க கொண்டு போய் விக்கறது?"

"டேப்பு வாங்கின ஏமாளிங்க யாராச்சும் வருவாங்க, வித்துடுங்க."

"அதைச் சொல்லிக் காட்டாதீங்க."

"சொல்லிக் காட்டுவேன். பத்து வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவேன். ஒவ்வொரு தடவையும் விலையில அஞ்சு வெள்ளி கொறைப்பேன்."

கால் மணி நேரம் போனது. கமலநாதன் தூண்டில் இரை உருகுகிறது என்று இரண்டு தடவை குரல் கொடுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் கிருஷ்ணம்மா தன் விலைக்கே வாங்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டாள். கிபாயத்துல்லா அடக்க விலைக்கும் கீழே போய்விட்டதாகத் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டுமே பொய். இருவருக்கும் பரம திருப்தி.

கயிற்றை அவிழ்க்கப் போனவள் திரும்பினாள்.

"பாய், இன்னொண்ணு. ரெண்டு இஞ்சு ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப் இருக்கா?"

கிபாயத்துல்லா வாயைத் திறந்தார். வழக்கமான 'இருக்கு'வில் 'இ' வரைக்கும் வந்துவிட்டது. மூடினார். பிறகு, சத்தியம் செய்கிறவர்போல மிகுந்த நிதானத்தோடு சொன்னார்:

"கடைக்குப் போயி, பாத்துட்டு, சொல்றேம்மா."

பின்னால் மஹ்மூதா பொறுமையிழந்தாள்.

"அது நாப்பது இருக்குங்க! மூணாந்தட்டுல!"